வடியாத தொட்டி

ஊற்றிய தண்ணீர் கீழே வரவில்லை. முதலில் கண்ணில் பட்டது இது ஒன்றுதான். காலை ஆறே முக்கால் இருக்கும். மாடி அறையில் இரும்புக் கம்பித் தட்டின் மேல் பன்னிரண்டு தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு மழைத்தண்ணீரை மெல்ல ஊற்றுவதும், அது மரப்பட்டைத் துண்டுகளுக்கும் கரிக்கும் தேங்காய் மட்டைச் சில்லுகளுக்கும் நடுவே சளசளத்து இறங்கி, அடித்துளை வழியாகக் கீழே வைத்திருந்த தகரத் தட்டில் சொட்டும் சத்தத்தைக் கேட்பதும், கேட்ட பிறகே அடுத்த தொட்டிக்கு நகர்வதும் ஐயாதுரையின் வழக்கம். ஒன்று முதல் ஆறு வரை சொட்டின. ஏழு சொட்டவில்லை.

துளை அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கீழிருந்து குத்திப் பார்த்தார். தடையே இல்லாமல் உள்ளே போய் வந்தது. ஈர்க்கில் ஈரம் இல்லை. அதுதான் அவருக்கு என்னவோ போல இருந்தது. இன்னொரு செம்பு ஊற்றினார். மேலே தண்ணீர் தேங்கவும் இல்லை. பட்டைத் துண்டுகள் ஒரு நிமிஷம் கருத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழையபடி வெளுத்தன. மூன்றாவது செம்பையும் ஊற்றிவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டார். மற்ற தொட்டிகள் ஒவ்வொன்றாகச் சொட்டி ஓய்ந்தன. கீழே சமையலறையில் அவர் மனைவி சண்முகத்தாய் மிக்ஸியைப் போட்டு நிறுத்தினாள். அந்த அமைதியில் ஏழாம் தொட்டிக்குள் ஏதோ கேட்டது. தண்ணீர் இறங்கும் சத்தம்தான். ஆனால் கொஞ்சம் இறங்கி, நின்று, மறுபடி கொஞ்சம் இறங்கியது.

எழுந்து எட்டாம் தொட்டிக்குப் போனார். காதில்தான் கோளாறு, வயசாகிறது இல்லையா என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

அவையெல்லாம் அவருடைய மகள் ஜனனியின் செடிகள். ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்பாள். பூவின் கீழிதழ் மட்டும் குழிந்து, சின்னப் பிள்ளையின் செருப்பு முனை போல ஒரு பையாகத் தொங்கும். மழைக்காட்டுப் பாறை இடுக்கில் முளைக்கிற அந்தச் செடியை, சித்திரை வெயிலில் நாய்கூடச் சாக்கடை ஓரமாய்ப் பார்த்துப் படுக்கிற ராஜபாளையத்தில் யாராவது வளர்ப்பார்களா? அவள் வளர்த்தாள். பிடிவாதக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சரி வைத்திருக்கும் ஜெபக்குமாரிடம் சொல்லிவைத்து, எங்கெங்கிருந்தோ விரல் நீளக் கன்றுகளை வரவழைத்தாள். "அப்பா, ஒங்க மில்லுக் காத்த வீட்டுக்குக் கொண்டாங்க" என்று அவரை வேலை வாங்கினாள். ஐயாதுரை முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் காற்றை ஈரப்படுத்தும் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டவர். காற்று காய்ந்தால் நூல் அறும், ஆகவே காயவிடக் கூடாது. அவர் வாழ்க்கையில் கற்ற வித்தை அதுதான். மாடி அறையின் ஜன்னலுக்குப் பச்சை வலை கட்டி, பனிபோல நீரை ஊதும் மிஷின் வைத்து, சுவரில் ஈரமானி மாட்டிக் கொடுத்தார். எழுபதுக்குக் கீழே முள் இறங்கியதே கிடையாது.

போன வைகாசியில் ஜனனி போனாள். இருபத்தாறு வயது. கணையத்தில் வீக்கம் என்று மதுரையில் சேர்த்தார்கள். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, தண்ணீர்கூட, என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு நாள். ஊசி வழியாகப் பாட்டில் பாட்டிலாக ஏறியும் தாகம் மட்டும் அடங்கவில்லை. நாக்கு தோல் போலக் காய்ந்து, உதடு வெடித்து, அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள்.

"ஒரு வாய்ப்பா. ஒரே ஒரு வாய்."

"டாக்டர் சொல்லட்டும் தாயி. ஒடனே குடுத்துருதேன்."

உதட்டை நனைக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். சத்திரப்பட்டியில் நெய்கிறார்களே, காயத்துக்குக் கட்டும் அந்தக் காஜ் துணியைத்தான் தண்ணீரில் முக்கி சண்முகத்தாய் மகளின் உதட்டில் வைத்தாள். ஜனனி அதைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சினாள். உள்ளே இறங்கிவிடுமோ என்று பயந்து ஐயாதுரை அதை வெடுக்கென்று பிடுங்கினார். பல்லில் மாட்டிய நூல் பிரிந்து வந்தது. அவள் அழவில்லை, அழக் கண்ணில் தண்ணீர் இல்லை. அப்பாவையே பார்த்தாள். மறுநாள் விடியுமுன் முடிந்துவிட்டது. அவர் செய்தது சரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள், டாக்டரும் சொன்னார். சரியாகச் செய்து என்ன கிழித்தோம் என்று அவருக்குள் ஒருவன் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அவள் விட்டுப்போனது ஒரு நோட்டு. தண்ணீரைச் சேர்த்து வைக்க இந்தச் செடிக்குக் கிழங்கும் கிடையாது, தண்டும் கிடையாது, ஒரு நாளும் முழுதாகக் காயவிடாதே. ஊறவும் விடாதே, வேர் அழுகும். போர் தண்ணீர் ஆகாது, உப்பு. உரம் பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு, வாரம் ஒரு தடவை. மாதக் கடைசியில் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவு. குருத்தில் தண்ணீர் நிற்க விடாதே. இப்படியே பக்கம் பக்கமாக. ஏழாம் தொட்டிக்கு மட்டும் தனியாகக் கோடு போட்டு எழுதியிருந்தாள். அது சுண்ணாம்புப் பாறையில் வளரும் ஜாதி, அதற்குச் சுண்ணாம்பு வேண்டும், ஆலங்குளத்துக் கல்லைச் சில்லாக உடைத்துக் கலவையில் சேர்க்கணும், ஆறு வருஷமாகிறது, இன்னும் பூக்கவில்லை. கடைசி வரிக்குப் பக்கத்தில் கோபமாக ஒரு முகம் வரைந்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஏழாம் தொட்டி சொட்டவே இல்லை. மூன்று செம்பு ஆறு செம்பானது, ஆறு அரை வாளியானது. அவ்வளவு குடித்த தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனக்கவே இல்லை, காலி டப்பா மாதிரி வந்தது. இலைகள் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தன. மற்ற பதினோரு செடிகளும் காலையில் நனைத்தால் மத்தியானத்துக்குள் துவண்டு, இலை ஓரம் பழுப்பேறி, சாய்ந்து நின்றன. அவை சாய்ந்தது எல்லாம் ஏழாம் தொட்டி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். ஈரமானியின் முள் அறுபதுக்கு வந்தது, ஐம்பத்திரண்டுக்கு வந்தது. மிஷின் புகையாய் ஊதிக்கொண்டிருந்தது, ஆனாலும் முள் இறங்கியது. சட்டையைக் கழற்றினால் பட்பட்டென்று பொரிந்தது. மில்லில் என்றால் இந்நேரம் எல்லா மிஷினிலும் நூல் அறுந்து சூப்பர்வைசர் கத்திக்கொண்டு ஓடிவந்திருப்பான்.

ஜெபக்குமாருக்குப் போன் போட்டார். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேர் அழுகிக் கலவைக்குள் ஓட்டை விழுந்திருக்கும் ஐயா, தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்க, பழைய கலவையை எல்லாம் உதறிவிட்டுப் புதுசு போடுங்க, அரை மணி நேர வேலை என்றான். சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார். கவிழ்க்கவில்லை. கவிழ்க்க முடியாது. அந்தத் தொட்டியில் கலவையோடு வேறொன்றும் இருந்தது, அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

எரித்த மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனபோது நடந்தது அது. மயானத்தில் வேலை பார்க்கும் கருத்தையா தண்ணீர் விட்டுச் சாம்பலைக் குளிர்த்து, காலில் தொடங்கித் தலை வரைக்கும் முறையாக எலும்பு பொறுக்கிக் கலயத்தில் போட்டுக்கொண்டே வந்தார். பால் சொம்பை எடுக்க அவர் திரும்பிய நேரத்தில் ஐயாதுரையின் காலடிச் சாம்பலில் இரண்டு பல் கிடந்தன. கருகி, மேலே வெடித்து. ஜனனியின் மேல்வரிசையில் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருந்த அந்த இரண்டா என்று யாரால் சொல்ல முடியும்? அவர் சொல்லிக்கொண்டார். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சூடு துணி வழியாக நெஞ்சில் பட்டது. கலயம் பாபநாசம் போனது, சண்முகத்தாய் படித்துறையில் நின்று ஆற்றோடு விட்டுத் தலைமுழுகினாள். பல் இரண்டும் வீட்டில் இருந்தன. மூன்று மாதம் கழித்து ஏழாம் செடிக்குக் கலவை மாற்றும் நாள் வந்தது. ஆலங்குளத்துக் கல் வைத்திருந்த பாட்டிலில் ஒரு சில்லுகூட இல்லை. வாங்கி வந்திருக்கலாம், பஸ் ஏறினால் ஆயிற்று. அவர் பல்லைப் போட்டார். சுண்ணாம்புதானே இதுவும் என்று சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. தினமும் அவளுக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சித்திரை பாதியில் ஏழாம் செடியின் நடுவில் மொட்டு வந்தது.

மயிரடர்ந்த தண்டின் நுனியில், சுண்டுவிரல் நகம் அளவு. அதைப் பார்த்த காலையில் ஐயாதுரை அந்தத் தகரத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆறு வருஷம் காத்திருந்தவள் பார்க்கவில்லை, ஒன்றும் தெரியாத கிழவன் பார்க்கிறேன் என்று அழுதார். அன்று இரண்டு வாளி ஊற்றினார். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்த சின்டெக்ஸ் டேங்க் அன்றோடு வற்றிவிட்டது.

ஆனால் வீட்டுக்குள்ளும் ஈரம் குறைந்துகொண்டிருந்தது. அரைத்து வைத்த மாவு பொங்குவதற்குள் மேலே ஓடு கட்டியது. சோறு வடித்த அரை மணி நேரத்தில் விரைத்துக் குருணை குருணையாக நின்றது. துவைத்த சேலையைக் கொடியில் போடும் முன்பே காய்ந்துவிடுகிறது என்று சண்முகத்தாய் முதலில் சிரிப்பாகத்தான் சொன்னாள். பிறகு அவள் குதிகால் வெடித்தது, கைவிரல் இடுக்கு வெடித்தது, ஒரு நாள் காபி டம்ளரின் விளிம்பில் ரத்தக்கறை இருந்தது. உதடு பிளந்திருந்தது. எம்புட்டுத் தண்ணி குடிச்சாலும் நாக்கு ஒட்டிக்கிடுது என்றாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. ஐயாதுரைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவர் உதடு ஈரமாக இருந்தது. அது அவருக்குப் பயமாக இருந்தது.

முதல் வருஷத் திதிக்கு இன்னும் பத்து நாள் என்ற சமயம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சண்முகத்தாய் திடீரென்று கேட்டாள். கனவில் ஜனனி வருகிறாளாம். பேசுவதில்லையாம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாளாம்.

"ஏங்க, அம்புட்டையும் கரைச்சாச்சுல்ல? ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"நீதான கையால விட்ட. என்னத்தக் கேக்க?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

அவள் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள், இன்னொன்றும் குடித்தாள். குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வருஷத்தில் அவளிடம் அவர் சொன்ன பெரிய பொய் அது. அன்று ராத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்து ஒரு முடிவுக்கு வந்தார். தொட்டியைக் கவிழ்த்துப் பல்லை எடுத்தால் வேர் கலைந்து மொட்டு உதிரும், ஜனனி விட்டுப்போன கடைசிக் காரியமும் போகும். கவிழ்க்காவிட்டால் இந்த மனுஷி காய்ந்து போவாள். இருக்கிறவளா, போனவளா? கேட்கிற கேள்வியா இது. வெள்ளிக்கிழமை அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போவாள், வருவதற்குள் பல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாபநாசத்துக்குப் பஸ் ஏறிவிடுவது.

வெள்ளிக்கிழமை அவள் கிளம்பிப் போன பிறகும் அவர் மாடி ஏறவில்லை. பேப்பர் படித்தார். குளித்தார். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது, அன்று பராமரிப்பு வேலை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஃபேன் நின்று, ஃப்ரிட்ஜ் நின்று, மேலே ஈரம் ஊதும் மிஷினின் ரீங்காரமும் நின்றபோது, வருஷக்கணக்காக அந்த வீட்டில் அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் உறைத்தது. ஓய்ந்த இடத்தில் வேறொரு சத்தம் கேட்டது. காய்ந்த ஒன்று காய்ந்த ஒன்றில் உரசும் சத்தம். வெந்து வெளுத்த மேலண்ணத்தில் நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம் அது, பதினோரு நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அவருக்குத் தெரியாதா?

செம்பு, குடம், விரிக்கப் பழைய சாக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஏறினார்.

கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. பச்சை வலை வழியாக வந்த வெயில் அறை முழுக்கப் பாசி நிறத்தில் கிடந்தது. பதினோரு தொட்டிகளிலும் செடி செத்திருந்தது. நேற்றுவரை துவண்டு கிடந்தவை இன்று பழைய பேப்பர் போலச் சுருண்டு, தொட்டதும் நொறுங்கின. ஈரமானியின் முள் பதினொன்றில் நின்றது. மில்லிலும் சரி, ஊரிலும் சரி, அந்த எண்ணை அவர் பார்த்ததில்லை. வாசம் ஒன்று இருந்தது. மண் வாசம் இல்லை, உர வாசம் இல்லை, பல நாளாய்த் தண்ணீர் படாத வாயின் வாசம். நடுவில் ஏழாம் தொட்டி. மொட்டு அன்றைக்கென்று விரிந்திருந்தது. வெள்ளையில் ஊதாக் கோடு ஓடிய மேலிதழ். கீழே வெளிறிய ரோஸ் நிறத்தில் அந்தப் பை. அழகாகத்தான் இருந்தது. பாவி மகளே, பார்க்காமல் போனாயே என்று முனகினார்.

பூவைத் தொடவில்லை. சாக்கை விரித்தார். தொட்டியை மடியில் வைத்து, இலைகளுக்கு இடையே விரலைக் கொடுத்துக் கலவையைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்தார். பக்கங்களைத் தட்டினார்.

வரவில்லை.

மறுபடி தட்டினார். உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. மடியிலேயே நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மேலே இருந்து கையாலேயே பட்டையைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு துண்டும் சூடாக இருந்தது. அடுப்பில் இருந்து எடுத்ததுபோல. ஒன்பது மாதம் அவர் ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டுகூட எங்கும் இல்லை. பட்டை பொடியாய் உதிர்ந்தது. கரி. சாம்பல். சாம்பலை அவர் கலவையில் சேர்க்கவே இல்லை.

வேர்கள் தெரிந்தன. பழுப்பு நிறத்தில், பூனைமயிர் போல ரோமம் மூடி. எல்லாம் ஒரே பக்கமாகக் கீழே இறங்கியிருந்தன. ஒதுக்கினார். விரல் நுனியில் ஒரு பல் பட்டது.

அப்பாடா என்று இருந்தது. எடுக்கப் போனார். அசையவில்லை. பக்கத்தில் இன்னொன்று. அந்த இரண்டுதான். ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறி. கருக்கு இல்லை. வெடிப்பு இல்லை. வெள்ளையாக.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

இன்னொன்று.

சாம்பலை வாயால் ஊதினார். வளைந்த வரிசை. மேலே பதினாறு. கீழே ஒரு வரிசை. எண்ண முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி. திறந்திருந்தது. உள்ளே இருட்டு. தொட்டியின் அடி ஒரு சாண்கூட இல்லை. இருட்டு அதைவிட ஆழமாக இருந்தது.

அங்கிருந்து காற்று வந்தது. சூடாக. கொஞ்சம் வந்து, நின்றது. மறுபடி வந்தது.

ஐயாதுரைக்கு ஓடத் தோன்றியது.  ஆனால் கை தானாகச் செம்பை எடுத்தது. கொஞ்சமாகச் சாய்த்தார். ஊற்றினார். பல்லைத் தாண்டி உள்ளே போனது. கேட்டது அந்தச் சத்தம். மடக். நின்றது. மடக்.

"குடி தாயி. குடி. அப்பா வேண்டாம்னு சொல்லமாட்டேன்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

செம்பு காலி. குடத்தில் மோந்தார். ஊற்றினார். காலி. வாய் மூடவில்லை. குடத்தையே சாய்த்தார். அம்புட்டும் போனது. சொட்டவில்லை. நிறையவில்லை. பல்லின் மேலே ஈரம் ஒரு நொடி மின்னி, காய்ந்தது.

மாடிப்படியில் காலடி. வெயில் தாங்காமல் சண்முகத்தாய் பாதி வழியிலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பியிருந்தாள். வாசலில் நின்றாள். நெற்றியில் குங்குமம் பொரிந்து உதிர்ந்திருந்தது. உதட்டில் கோடு கோடாக ரத்தம். சாக்கையும், அவர் கையையும், மடியிலிருந்த தொட்டியையும் பார்த்தாள்.

"ரெண்டு பல்ல மட்டும் வச்சிருந்தேன்" என்றார் ஐயாதுரை. "அம்புட்டுதான். ரெண்டே ரெண்டு."

அவள் அலறுவாள் என்று நினைத்தார். திட்டுவாள், தொட்டியைத் தூக்கி எறிவாள், எறியட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகம் இளகியது. வருஷம் ஒன்றாக அவர் பார்க்காத முகம்.

"எப்படிக் காஞ்சு கெடக்கு பாருங்க புள்ளைக்கி" என்றாள். "ஒதட்டக்கூட நனைக்கல."

குடத்தின் அடியில் கையை விட்டுத் துழாவி, மிஞ்சிய ஈரத்தை ஆட்காட்டி விரலில் எடுத்தாள். பல் வரிசையின் மேல் மெல்லத் தடவினாள். பச்சைப் பிள்ளைக்கு மருந்து தடவுவதுபோல.

பல் மூடியது.

அழுத்தி இல்லை. மெதுவாக. விரலின் இரண்டாம் கணு வரை உள்ளே இருந்தது. சண்முகத்தாய் திடுக்கிட்டாள், பிறகு சிரித்தாள். பிளந்த உதட்டில் புது ரத்தம் வந்தது, வந்த வேகத்தில் காய்ந்தது.

"பல்லு மொளைக்கையிலயும் இப்பிடித்தான் கடிப்பா. வலிக்கலங்க."

உறிஞ்சியது. ஐயாதுரைக்கு அது கேட்டது. அவள் விரலின் தோல் சுருங்கியது. நகம் வெளுத்தது. சுருக்கம் புறங்கைக்கு ஏறியது, நரம்புகள் ஒவ்வொன்றாகப் படுத்தன, மணிக்கட்டு ஒடுங்கியது. கையை அவள் இழுக்கவில்லை. முன்னால் சரிந்து இன்னும் கொஞ்சம் கொடுத்தாள்.

பிடுங்க வேண்டும். அவருக்குத் தெரியும். ஒரே இழுப்பு, தொட்டியைச் சுவரில் ஓர் அடி, முடிந்துவிடும். கை அவள் தோள்வரை போனது. அங்கேயே நின்றது. அந்த வாயில் இருந்து ஒரு தடவை பிடுங்கியாயிற்று. இன்னொரு தடவை அவரால் ஆகாது.

கையை எடுத்துக்கொண்டார்.

மெலிந்த கையில் இருந்து கண்ணாடி வளையல் ஒன்று கழன்று தொட்டிக்குள் விழுந்தது. அது அடியில் போய்ச் சேரும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். கேட்கவில்லை. அடுத்த வளையல் விழுந்தது. வலையைத் தாண்டி வந்த வெயிலில் பூ லேசாக ஆடியது, அதன் இதழெல்லாம் ஈரத்தில் பளபளத்தது. மூன்றாவது வளையலும் விழுந்த பிறகு, "போதலை போலிருக்கு" என்று சொல்லி, சண்முகத்தாய் இன்னொரு கையையும் உள்ளே விட்டாள்.